அம்மாயியின் பிறந்த ஊர்: கம்பளைப் பகுதியில் பெண்வழி வம்சத்தைத் தேடும் முறை

முந்திய அதிகாரத்தில் ஆண்வழியே வம்சத்தைத் தொடர்ந்து செல்லும் முறையை விவரித்தோம். பெண்வழியே செல்வது வேறு விதமான காரியம். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று படியேறும்போது ஒவ்வொருவன் பெயருக்கு முன்னாலும் அவனைப் பெற்றவன் பெயரின் முதலெழுத்து நின்று அடுத்த படியைக் காட்டும். தாய், அம்மாயி, அம்மாயியைப் பெற்றவள் என்று ஏறத் தொடங்கினாலோ, தாலி ஏறிய நாளோடு அந்த முதலெழுத்து மாறிப்போவதும், இன்னாரின் பெண்சாதி என்றும் இன்னாரின் தாய் என்றும் பிறர் பெயரைச் சார்ந்தே அவள் வழங்கப்படுவதும், பேரப்பிள்ளைகள் காலத்தில் அவள் பிறந்த வீடு எது என்பதே கேள்வியாகிவிடுவதும் நம்மிடையே சர்வசாதாரணம்.

இந்தச் சங்கடம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறி வாழ்ந்த காலத்துப் பெண்ணொருத்தியின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். மணமானதும் அவள் கணவனின் குலப்பெயரைப் பூண்டாள். சட்டத்தின் கண்ணில் அவளுக்கென்று தனி ஆளுமை பெரும்பாலும் இல்லை. ஆயினும் அங்கே நிலபுலம் இருந்தது. தகப்பன் எழுதிவைத்த மரணசாசனத்தில் மகளுக்கு விட்ட பசுவும் படுக்கையும் அவள் பெயரோடு குறிக்கப்பட்டன. கணவன் நிலத்தை விற்கும்போது, விதவையானால் அவளுக்குச் சேரவேண்டிய மூன்றிலொரு பங்கின்மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவளும் சம்மதம் தெரிவிக்க வேண்டியிருந்தது. சொத்து இருந்ததால் பத்திரம் இருந்தது. பத்திரத்தில் அவளும் இருந்தாள்.

கம்பளையைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் கோப்பிக்கும் தேயிலைக்குமாக வந்து சேர்ந்த நம் மூதாட்டிகளுக்கு ஒரு பேர்ச் காணியும் கிடையாது. ஆனால் அவர்களுக்குக் கூலி இருந்தது, கடனும் இருந்தது. கூலிக்கும் கடனுக்கும் வெள்ளைக்காரன் கணக்கு எழுதி வைத்தான். இதனால் விளைந்த விசித்திரம் ஒன்றை ஆராய்ச்சியாளர் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளவேண்டும்: தஞ்சாவூர் ஜில்லாவில் நூறு வேலி நிலத்துக்கு எஜமானியாக இருந்த ஒரு மிராசுதாரின் மனைவி தன் ஆயுள் முழுவதிலும் எந்தக் காகிதத்திலும் எழுதப்படாமலே மறைந்திருக்கக் கூடும், அதே காலத்தில் புசல்லாவையில் கொழுந்தெடுத்த ராமாயி என்னும் ஒருத்தியின் பெயரோ, அவள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளும் செக்ரோல் என்னும் தோட்டத்துக் கூலிக் கணக்கில் ஏறியது. ஆகவே, கூலிப்பெண்ணின் வரலாற்றைத் தேடவே முடியாது என்று கையை விரிப்போரின் அபிப்பிராயத்தை நாம் ஏற்பதற்கில்லை.

தேடலின் காலவரம்பை முதலில் நிர்ணயித்துக்கொள்வது நலம். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டதையே இம்மலைநாட்டுப் பெருந்தோட்டச் சரித்திரத்தின் தொடக்கமாகச் சொல்வர். கோப்பிக்கு முக்கியமாகப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் தேவை. ஆதலால் முதற் சில தசாப்தங்களில் வந்தவர்களில் பெரும்பாலோர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்களே. 1869-இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோதுதான் வருஷம் முழுவதும் கொழுந்து கிள்ளும் கைகள் வேண்டியதாயின. பெண்களும் பிள்ளைகளும் பெருந்தொகையாக வந்து லயங்களில் நிலைகொண்டனர். மறுபக்கத்தில், 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலி வேலைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. எனவே உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடந்து வந்த பெண், 1870களுக்கும் 1939-க்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தவளாக இருப்பதற்கே அதிக நியாயம் உண்டு.

வேலையை வீட்டிலிருந்து தொடங்குக. குடும்பத்தில் உயிரோடிருக்கும் மிக மூத்த பெண்ணிடம் போய், "நம்ம பூர்வீகம் எது?" என்று கேட்டால், "இந்தியாதான்" என்றோ, "திருச்சிப் பக்கம்" என்றோ ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிடும். "அம்மாயி, உங்க சடங்குக்குத் தாய்மாமன் சீரு யாரு கொண்டாந்தா? அவுங்க எந்தத் தோட்டத்திலேயிருந்து வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சீர் கொண்டுவந்த மாமனின் பெயர், அவன் இருந்த தோட்டம், அவனை அழைத்துவந்த கங்காணி, அந்தக் கங்காணியின் ஊர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். இதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் பிறந்த வீட்டை மறக்கவிடாமல் வைத்திருக்கும் கடமைகள் நம் சம்பிரதாயத்தில் தாய்மாமன்மீதே சுமத்தப்பட்டுள்ளன. முதல் மொட்டை, காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடைசியில் பிறந்த வீட்டுக் கோடி என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவன் வந்து நிற்கவேண்டும். உங்கள் அம்மாவின் தாய்மாமன் யார் என்று கண்டுவிட்டால், உங்கள் அம்மாயியின் உடன்பிறந்தானைக் கண்டுவிட்டீர்கள். அவன் ஆண்பிள்ளையாதலால், முந்திய அதிகாரத்தில் சொன்ன முறைகளெல்லாம் அவனுக்குப் பொருந்தும். பெண்ணைத் தேட அவள் அண்ணன் தம்பிமாரைத் தேடுக என்பதே இவ்வதிகாரத்தின் பிரதான விதி.

இந்தக் கடமைகளுக்கு எழுத்துச் சாட்சியம் வேண்டுமாயின் பழைய மொய் நோட்டுகளைப் பாருங்கள். கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் ஒரு கொப்பி வைத்து, வந்தவர் பெயர், தோட்டம், கொடுத்த தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதுவது வழக்கம். அதன் முதற்பக்கத்தில் தாய்மாமன் வரிசை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அறுபது வருஷத்துக்கு முந்திய நோட்டு ஒன்று தகரப் பெட்டியின் அடியில் கிடைக்குமானால், ஒரு தலைமுறையின் உறவுமுறை முழுவதும் கைக்கு வந்ததாகக் கொள்ளலாம்.

ஒப்பாரியும் ஓர் ஆதாரமே. இறந்த வீட்டில் பெண்கள் பிறந்த வீட்டுச் சீரையும் அண்ணன் தம்பிமாரையும் ஊர்க் கோயிலையும் ஏரியையும் பெயர் சொல்லி அழுகிறார்கள். கொப்பாட்டி காலத்து ஊர்ப்பெயர் வேறெங்கும் நிலைக்காமல் இங்கே மாத்திரம் நிலைத்திருப்பது உண்டு. ஆயினும் பாட்டில் வரும் ஊரெல்லாம் பாடியவளின் ஊர் என்று எண்ணிவிடலாகாது. அடி அளவுக்காகவும் வழக்கத்தாலும் மதுரையும் தஞ்சாவூரும் எவர் ஒப்பாரியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரசித்தியற்ற சிற்றூரின் பெயர் வந்தால் அதைக் குறித்துக்கொள்க. நல்ல நாளில் ஒப்பாரி சொல்லச் சொல்வது ஆகாது என்று முதியவர் மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவருவதே மரியாதை.

வந்த வழியைப் பற்றிய ஞாபகம், வந்த காலத்தை நிர்ணயிக்க உதவும். "நடந்து வந்தாங்களாம்" என்பது குடும்பத்தின் சொல்லானால், மன்னாரில் தோணியிறங்கி மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டைக் கடந்த வடக்குப் பாதையை அது குறிக்கும். அப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், பிளேக் நோய்க்கு அஞ்சி மூடப்பட்டது. "தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்பில் இறங்கினாங்க" என்றால் அதற்கு அடுத்த காலம். "மண்டபம் காம்பில் ஊசி போட்டு, தலைமன்னாரில் இறங்கி, கோச்சியில் கம்பளைக்கு வந்தாங்க" என்றால், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத்தொடங்கிய 1914-க்குப் பிந்தியது. கண்டிக்கு 1867-லும் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டிக்கு 1874-லும் றெயில் வந்துவிட்டது. ஆதலால் கோச்சி என்ற ஒரு சொல்லை மாத்திரம் வைத்துக் காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது, கடலைக் கடந்த துறைமுகத்தின் பெயரையே கேட்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள், தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரவில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தனர். அப்படியொன்று வீட்டில் இருந்தால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து அழிந்துபோகும்.

இனித் தோட்டத்துக் காகிதங்களுக்கு வருவோம். செக்ரோல் என்பது மாதத்துக்கு ஒன்றாக எழுதப்படும் பெரிய தாள். இடது ஓரத்தில் எண்ணும் பெயரும். பிறகு தேதிக்கொரு கட்டம். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போய் நாள்வேலை முடித்தவர்க்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப் பேர். வலது ஓரத்தில் அரிசிக் கணக்கு, கம்பளிக் கணக்கு, முற்பணம், வண்ணான் காசு, அம்பட்டன் காசு என்னும் பிடிப்புகளும், இவையெல்லாம் போக மிஞ்சிய கைக்காசும். ஆண், பெண், சிறுவர் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினார்கள். கூலி விகிதம் வேறானதே அதற்குக் காரணம். 1929-இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, நடுமலைத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் சிறுவர்க்கு 31 சதமும் விதிக்கப்பட்டன. பதினொரு சதம் குறைத்து மதிப்பிட்ட அந்த அநீதியே, இன்று நாம் அவளைத் தனியாகப் பிரித்தறிய ஒரு கருவியாகிறது.

உதாரணமாக, மேற்சொன்ன ராமாயியையே எடுத்துக்கொள்வோம். இவள் நாம் விளக்கத்துக்காகக் கற்பித்த பெண். ஒரு வருஷத்துத் தாள்களில் அவள் சிறுவர் கணக்கில், ஒரு சில்லறைக் கங்காணியின் ஆட்களோடு காணப்படுகிறாள். அடுத்த வருஷம் பெண்கள் கணக்குக்கு ஏறிவிட்டாள். ஆகவே வயது ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. மேலும் சில வருஷம் கழித்து, ஒரு வைகாசி மாதத்தில், அந்தக் கங்காணியின் ஆட்களில் அவள் பெயர் இல்லை. வேறொரு கங்காணியின் ஆட்களோடு நிற்கிறாள். அவள் மணமாகிப் புருஷன் பக்கத்து ஆட்களோடு சேர்ந்துவிட்டாள் என்று ஊகிக்கலாம். அதன்பின் சில வாரம் தொடர்ச்சியாக வெற்றுக் கட்டங்கள். அதே காலத்துப் பிறப்புப் பதிவைத் தேடினால் குழந்தையொன்று அகப்படக்கூடும். முதலில் அவள் நின்ற கங்காணி யாரோ, பெரும்பாலும் அவனே அவளுடைய தகப்பனையோ தமையனையோ அழைத்து வந்தவன். கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் தங்கள் சனத்திடையேதான் ஆள் கட்டினார்கள். ஆகையால் கங்காணியின் ஊர் தெரிந்தால் பெண்ணின் ஊர் பத்து மைல் சுற்றளவுக்குள் வந்துவிட்டது.

சம்பளம் கொடுத்த பதிவுகள் வேறு வகை. அங்கே மனைவியின் கூலியைக் கணவனே வாங்கிச் செல்வது நெடுங்காலம் நிலவிய வழக்கமாதலால், பெயர் அவளுடையதாகவும் கைந்நாட்டு அவனுடையதாகவும் இருக்கும். ஆராய்ச்சிக்கு இது அனுகூலமே: எவன் கைந்நாட்டு வைத்தானோ அவனே அக்காலத்தில் அவளுக்குக் கணவனோ தகப்பனோ ஆவான். நியாயத்தைப் பற்றிய விசாரணையை வாசகர் வேறிடத்தில் வைத்துக்கொள்வாராக.

கடன் கணக்கில் துண்டு என்பது முக்கியமானது. தோட்டத்துக் கடனைத் தீர்த்தால் இன்னின்ன ஆட்களை விட்டுவிடுவோம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு கடனை அடைக்க இசையும் தோட்டத்தைத் தேடிப் போவான். அவனோடு போகும் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, ஒரே கடனில் கட்டுண்டவர்கள். 1921-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. துண்டோ, வேலையிலிருந்து நீங்கும்போது தரும் பற்றுச்சீட்டோ உங்கள் வீட்டில் இருந்தால், குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எப்போது பெயர்ந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சியம் கிடையாது.

இக்காகிதங்கள் தோட்டத்து ஆபீசில் இப்போதும் உண்டா என்று கேட்பீர்கள். சில தோட்டங்களில் உண்டு, பல தோட்டங்களில் இல்லை. 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின, 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது, இடையில் கலவரங்கள், கொத்மலைப் பள்ளத்தாக்கிலோ 1980களில் நீர்த்தேக்கமே வந்துவிட்டது. முதலில் துரையிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, பிறகு பெரிய கிளாக்கரைக் கண்டு, எந்த வருஷம், எந்தப் பிரிவு என்பதைத் திட்டமாகச் சொல்லிக் கேளுங்கள். "பழைய புத்தகமெல்லாம் பார்க்கணும்" என்று போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். தோட்டத்தின் பெயரிலும் ஜாக்கிரதை வேண்டும். ஸ்காட்லாந்து ஊரொன்றின் பெயரை வைத்துத் துரைமார் திறந்த புசல்லாவைத் தோட்டம் நம் சனங்களின் நாவில் சங்குவாரி ஆயிற்று. இவ்வாறே பெரும்பாலான தோட்டங்களுக்கு ஆபீசுப் பெயர் ஒன்று, லயத்துப் பெயர் ஒன்று. ஆண்டுதோறும் அச்சான பெர்குசன் டைரக்டரியில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் உடையவரும் துரையும் ஏக்கர் விஸ்தீரணமும் காணப்படும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தின் இலங்கைத் தொகுப்பு கம்பளையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பது இப்பகுதி வாசகரின் அதிர்ஷ்டம்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் அதிகம் எதிர்பார்ப்பதும் கூடாது, அவற்றை அலட்சியம் செய்வதும் கூடாது. தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையினுடையது, எழுதியவர் கிளாக்கர், சொன்னவர் கங்காணியோ மருத்துவச்சியோ. இத்தனை வாய் மாறி வருவதால் ராமாயி என்பவள் ராமாயாகவும் ராமியாகவும் ராமம்மாளாகவும் எழுதப்பட்டிருப்பாள். வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பதிவில் ஏறிய பெயர் ஒன்று என்பதும் சாதாரணம். கம்பளைப் பக்கத்துப் பதிவுக்கு உடபலாத்தப் பிரதேச செயலகத்தில் மனுச் செய்க. புசல்லாவை இரு மாவட்டங்களின் எல்லையில் கிடப்பதால், கண்டியில் இல்லையென்றால் நுவரெலியாவில் தேடவேண்டும். இறம்பொடையும் கொத்மலையும் நுவரெலியா மாவட்டத்தையே சேர்ந்தவை. ஒரு தேதியை மாத்திரம் எழுதாமல் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று வருஷத்தைக் குறித்துத் தேடச் சொல்லுங்கள். பெண்ணின் பிறப்பு அகப்படாவிட்டால் அவளுடைய பிள்ளைகள் எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும், குழந்தைப் பருவத்திலே இறந்தவர்களுடையதையுங்கூட எடுத்துவிடுக. தாயின் பெயர் ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் நிறைவாகவும் எழுதப்பட்டிருக்கும். ஏதோ ஒன்றில் அவள் தகப்பன் பெயர் சேர்ந்திருக்கலாம். கல்யாணப் பதிவைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்; தாலி கட்டி நடந்த தோட்டத்துக் கல்யாணங்களில் பெரும்பாலானவை அக்காலத்தில் பதியப்படவேயில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கு இவ்விஷயத்தில் வசதி உண்டு. கோயிலின் ஞானஸ்நான ஏட்டிலும் விவாக ஏட்டிலும் மணமகளின் பெற்றோர் பெயர் கிடைக்கும். ஞானத்தாயாக நின்றவள் பெரும்பாலும் நெருங்கிய உறவினள். அங்கிலிக்கன் சபையினர், 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் பதிவுகள் தங்கள் பகுதிக் கோயிலில் எஞ்சியுள்ளனவா என்று குருவானவரைக் கேட்கலாம். கம்பளையில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம் குடும்பத்தாருக்கு நிக்காஹ் பதிவு இருக்கிறது. மணமகளின் வலீயாக நின்றவர் பெயர் அதில் இருப்பதால் பெண்வழி ஒரே எட்டில் தகப்பனைச் சென்றடைந்துவிடும். கரையோரத்துக் குடும்பங்களுக்கு ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் உண்டு; கண்டி இராச்சியம் அவர்கள் ஆட்சிக்கு உட்படாததால் நம் மலைகளுக்கு அவை எட்டவில்லை.

நம் கருத்தில், பெண்வழித் தேடலுக்கு எல்லாவற்றிலும் வளமான ஆதாரம் பிரஜாவுரிமைக் காகிதங்களே. ஆயினும் அவற்றைப் படிக்கத் தெரியவேண்டும். 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவனிடத்தும், அவன் தகப்பன் இங்கே பிறந்தானா, அன்றேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்றே கேட்டது. தாயைப் பற்றியும் அம்மாயியைப் பற்றியும் கேட்கவேயில்லை. ஆகையால் குடும்பங்கள் பாட்டனின் காகிதத்தைப் பொன்போலக் காத்தன, பாட்டியின் காகிதம் அடுப்புக்குப் போயிற்று. ஆனால் 1949-ஆம் வருஷத்து 3-ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்கீழ் பதிவுக்கு மனுச் செய்தபோது நிலைமை வேறாயிற்று. மணமானவர்கள் ஏழு வருஷமும் மணமாகாதவரும் கைம்பெண்களும் பத்து வருஷமும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததைக் காட்டவேண்டியிருந்தமையால், மனைவியும் பிள்ளைகளும் மனுவில் இடம்பெற்றார்கள். விதவைகள் தாங்களே மனுதாரராயினர். 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 மனுக்கள் போயின. செக்ரோல் அத்தாட்சி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாடசாலை ஏட்டின் பிரதி, கூப்பன் புத்தகம் என்று கையிலிருந்த சகலத்தையும் அவற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். பிரஜாவுரிமைக்கான போராட்டத்தில் முன்னின்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் தனது முதல் மாநாட்டை 1940-இல் கம்பளையிலேதான் நடத்தியது; அதன் கிளைத் தலைவர்கள், கணக்கப்பிள்ளைமார் வீடுகளில் மனுக்களின் கைப்பிரதிகள் கிடக்கக் கூடும் என்பதை இவ்வூரார் மறக்கலாகாது.

இக்காகிதத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தியாவுக்குப் போய்வந்ததும், அங்குள்ள உறவினர்க்குப் பணம் அனுப்பியதும், நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணமில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டதுண்டு. விசாரணை உத்தியோகஸ்தர் முன்னிலையில் நின்ற பெண், "இந்தியாவிலே எனக்கு யாரும் இல்லீங்க" என்று சொல்லியிருப்பாள். மூன்று அண்ணன்மார் துறையூர்ப் பக்கத்தில் உயிரோடிருந்திருப்பார்கள். இதற்கு மாறாக, 1964-ஆம் வருஷத்து சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்களுக்கோ பூர்வீக ஊரைச் சொல்வதே அனுகூலம். ஆகவே அக்காலத்து இந்தியக் கடவுச்சீட்டிலும், கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாகப் போனவர்களுக்குக் கிடைத்த குடும்ப அட்டையிலும் ஊர், தாலுகா, ஜில்லா என்ற விவரம் வர இடமுண்டு. ஒரே குடும்பத்தின் இவ்விரு காகிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று மறைத்ததை மற்றொன்று சொல்லும். உங்கள் கிளை இங்கே தங்கிவிட்டதாயினும், அம்மாயியின் தங்கை கிளை கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போய்த் தேயிலைத் தோட்டத்திலேயே குடியேறியிருக்கலாம். நீங்கள் தேடும் ஊர்ப்பெயர் அவர்கள் அட்டையில் இருக்கும்.

ஊர்ப்பெயர் கிடைத்தபின் இந்தியாவில் தேடுவோர் பழைய ஜில்லா எல்லையை அறிந்திருக்கவேண்டும். அன்று திருச்சினாப்பள்ளி ஜில்லா என்று எழுதப்பட்டது இன்று கரூராகவோ பெரம்பலூராகவோ அரியலூராகவோ இருக்கலாம். புதுக்கோட்டை 1948 வரையில் தனிச் சமஸ்தானம். புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டாதலால், தாலுகாவும் அருகிலுள்ள சந்தை கூடும் ஊரும் தெரியாமல் புறப்படுவது வீண் செலவு. இங்கே குலதெய்வம் உதவிக்கு வரும். மணமான பெண் புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிடுவது வழக்கமானாலும், பிறந்த வீட்டுச் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும், நேர்த்திக்கடன் முடிந்துவைப்பதும் பெண்களிடம் உண்டு. மகா சிவராத்திரியன்று குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுவார்கள். தலைக்கட்டு வரி ஆண்களுக்கே எழுதப்படுவதால் உங்கள் அம்மாயியின் பெயர் அந்தக் கணக்கில் இராது, அவள் தகப்பன் பெயரையும் கடல் கடந்துபோன அண்ணன் பெயரையும் சொல்லி விசாரியுங்கள். கண்டிச்சீமைக்குப் போன குடும்பம் என்றால் முதியவர் ஒருவராவது தலையசைப்பார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணியிலும் வேலிலும் பொறித்துள்ள உபயகாரர் பெயர்களையும் புறப்படுமுன் எழுதிக்கொண்டு போனால் அங்கே பேச்சுக்குப் பிடி கிடைக்கும்.

குடிமதிப்பு அறிக்கைகள் 1871 முதல் இருக்கின்றன. அவற்றில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. 1931 முதலான வாக்காளர் இடாப்பில் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்களும் சேர்க்கப்பட்டனர். தோட்டத்துச் சனங்களில் ஒரு பகுதியினர் மாத்திரமே அதில் இடம்பெற்றனர் என்றாலும் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகுமுன் மேற்சொன்னவற்றை முடித்துக்கொள்க; அங்கே கச்சேரிக் கடிதங்களும் பழைய பத்திரிகைகளும் மலைபோல உண்டு, பெயர் தெரியாத பெண்ணை அவற்றில் தேடுவது ஆயுட்காலத்து வேலை. இதில் பிரபலமும் அதிகம் உதவாது: மலையகத் தொழிற்சங்க மேடைகளில் பாடிய மீனாட்சி அம்மாள்கூடப் பெரும்பாலும் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவியாகவே குறிக்கப்படுகிறார்.

முடிவாகச் சேர்த்த காகிதங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தகவலின் கீழும் அதைச் சொன்னவர் யார், எந்தத் தோட்டத்தில், எந்த வருஷத்தில் சொன்னார் என்று எழுதிவையுங்கள். தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள். கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயமொன்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. இணையத்தில் நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியை இவர்களுக்குக் கொடுங்கள். லயக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் இன்று அதிகரித்துவருகின்றன; போகும் நாளில் தகரப் பெட்டியைக் கொளுத்துமுன் அடித்தாள்வரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். செல்லரித்த பற்றுச்சீட்டையும் அரைகுறை மொய் நோட்டையும் குப்பையென்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். பெண்வழித் தேடலுக்கு அவற்றுக்கு ஈடான காகிதம் எந்தக் கச்சேரியிலும் கிடைக்காது.